கனடாவில் வரியில்லாச் சேமிப்பு: எக்ஸெலில் நீங்களே கணக்குப் போடுங்கள்

மயிலாப்பூர், அடையாறு பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோர் பலருக்கு முதல் வேலை, கனடாவில் படிக்கும் பிள்ளையுடன் வீடியோவில் பேசுவதுதான். பேச்சு எப்படியும் பணத்தில் வந்து நிற்கும். "அப்பா, இங்கே வரியே இல்லாத சேமிப்புக் கணக்கு இருக்காம். திறக்கட்டுமா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தாராளமாகத் திறக்கலாம். டி.எஃப்.எஸ்.ஏ. எனப்படும் இந்தக் கணக்கு 2009ல் வந்தது. இதற்குக் கனடா குடியுரிமை தேவையில்லை. 18 வயது (சில மாகாணங்களில் 19) நிறைந்திருக்க வேண்டும். சோஷியல் இன்சூரன்ஸ் நம்பர் வேண்டும். வரிச் சட்டப்படி கனடாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அங்கேயே வீடு எடுத்து, வங்கிக் கணக்கு வைத்துப் படிக்கும் மாணவர் பெரும்பாலும் அப்படித்தான் கருதப்படுவார்.

சிக்கல், எவ்வளவு போடலாம் என்பதில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அரசு ஒரு உச்சவரம்பு அறிவிக்கும். 2024, 2025 இரண்டுக்கும் தலா 7,000 டாலர். பயன்படுத்தாத தொகை அடுத்த ஆண்டுக்குச் சேர்ந்துகொள்ளும்.

2003ல் பிறந்த மாணவர் 2024 ஆகஸ்டில் டொரான்டோ போனார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர் ஒன்று பிறந்த வருடத்தை மட்டும் கேட்டால், அவர் 18 வயதான 2021லிருந்து கூட்டி, 2025க்கு 32,500 டாலர் என்று காட்டும். இது தவறு. கனடாவில் வசிக்கத் தொடங்கிய வருடத்திலிருந்துதான் கணக்கு. எனவே அவருக்கு 14,000 டாலர்தான். (ஆகஸ்டில் போனாலும் அந்த வருடத்துக்கு முழு 7,000 உண்டு.) கால்குலேட்டரை நம்பி 20,000 போட்டால், கூடுதலான 6,000க்கு மாதம் 1 சதவீதம், அதாவது 60 டாலர், எடுக்கும்வரை வரி கட்ட வேண்டும். வரம்பைப் பார்த்துக்கொள்வது கணக்கு வைத்திருப்பவரின் பொறுப்பு. வங்கி தடுக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

கனடா வரித்துறையின் இணையதளத்தில் 'மை அக்கவுண்ட்' பகுதியில் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் வங்கிகள் ஆண்டு முடிந்த பிறகே விவரம் அனுப்புவதால், இந்த வருடம் போட்ட பணம் அதில் கழிந்திருக்காது.

ஆகவே எக்ஸெலைத் திறங்கள். (எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸை இலவசமாக டவுன்லோட் செய்யலாம்.) முதல் வரிசையில் வருடம், வரம்பு, போட்டது, எடுத்தது, மீதி என ஏ முதல் இ வரை தலைப்பு கொடுங்கள். ஏ2 செல்லில் போன வருடமான 2024, பி2வில் 7000. இ2வில் =பி2-சி2 என்று ஃபார்முலா தரவும். அடுத்த வரிசையில் 2025, 7000; இ3ல் =இ2+பி3-சி3+டி2. (எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.) இ3 செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வருடங்களுக்கும் ஃபார்முலா வந்துவிடும். வரம்பை மட்டும் ஆண்டுதோறும் நிரப்புங்கள்.

கடைசியில் ஏன் டி2, டி3 அல்ல? எடுத்த பணத்துக்கான இடம் அடுத்த ஜனவரி 1ல்தான் திரும்பக் கிடைக்கும். மார்ச்சில் செலவுக்கு 3,000 எடுத்து, ஜூனில் திரும்பப் போட்டால் அது புதிதாகப் போட்ட பணம். வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மறுபடி அந்த 1 சதவீதம்.

வரியில்லை என்பதும் கனடாவில் மட்டும்தான். படிப்பு முடிந்து தி.நகருக்கே திரும்பிவிட்டால் கணக்கை மூட வேண்டியதில்லை. ஆனால் இங்கிருந்து அதில் பணம் போட்டால் அதற்கும் மாதம் 1 சதவீதம் வரி உண்டு. இந்தியாவில் முழுமையாக வசிப்பவர் ஆன பிறகு, அதில் வரும் வட்டியை இங்கே வருமானத்தில் காட்டியாக வேண்டும்.