பட்டிப் பேச்சு – 14: பொடியும் சுண்ணாம்பும்

“வைக்கோல்மேல இந்தப் பொடியத் தூவிப் போட்டா, தழை தின்ன ஆடு மாதிரி தேறுமாமே, நெசமா தம்பி?”

சுண்ணாம்புக்குளத்தில் ஆறு ஆடு வைத்திருக்கும் ஓர் அம்மா கேட்டார். வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரிக்குப் போகிறவர். மீன் படாத நாளில் ஆடுதான் கைச்செலவு. வெயிலில் மேய்ச்சல் கருகிவிட்டால் மிஞ்சுவது வைக்கோலும் கடலைக்கொடியும்.

அவர் சொன்ன பொடி, நொதி. பெரும்பாலும் செல்லுலேஸும் சைலனேஸும் கலந்தது. செல்லுலேஸ் தரும் பூஞ்சைகளில் பேர்போனது ட்ரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்று மாட்டிக்கொண்டது அது. பருத்தியைத் தின்றது வைக்கோலை விடுமா என்று தோன்றும்.

ஆனால் ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இதே நொதிகளையும் இதுபோன்ற பிறவற்றையும் ஓயாமல் சுரக்கின்றன. கோழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் கோழித் தீவனத்தில் பைட்டேஸ் என்ற நொதி கைமேல் பலன் தருகிறது. அசைபோடும் பிராணிகளில் முடிவு ஒரு சோதனையில் ஏறும், இன்னொன்றில் அசையாது. தீவனம் போடும் முன்பே கரைத்துத் தெளித்து ஊறவிட்டால் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு.

சிக்கல் லிக்னினில் இருக்கிறது. நார்ச்சத்தைச் சுற்றிக் காரை பூசியதுபோல் நிற்பது அது; நெல் வைக்கோலில் மணல்சத்தான சிலிக்கா வேறு. செல்லுலேஸால் அந்தக் காரையைப் பெயர்க்க முடியாது. பெயர்க்கக்கூடிய லாக்கேஸை வெண்ணழுகல் பூஞ்சைகளிலிருந்து எடுத்து வைக்கோலில் சோதித்தவர்கள், பெங்களூருவிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தார்.

இன்னொரு வழி காரம். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியர் பெக்மன் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் காட்டினார். சுண்ணாம்பு நீரும் அதே வேலையைச் செய்யும், மெதுவாக. சுண்ணாம்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது. நம் நாட்டில் பரவலாகச் சொல்லித்தரப்படுவது யூரியா முறை: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைப்பது. கட்டிகள் நின்றுவிட்டால் விஷம். குட்டிகளுக்குக் கூடவே கூடாது. இதில் நார் இளகுவதோடு நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் கிடைக்கிறது. வெறும் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். அதை வைத்துக்கொண்டு அவை எப்படிப் பெருகும்? பட்டினி கிடக்கும் கூலியாளுக்குப் புது அரிவாள் வாங்கிக் கொடுப்பதுபோல்தான், வெறும் வைக்கோலில் பொடி தூவுவது.

“கடலைக்கொடி எங்கம்மா வச்சிருக்கீங்க?” என்றேன்.

கொல்லையில் போர் திறந்து கிடந்தது. காய்ந்த இலைகள் உதிர்ந்து அடியில் மெத்தை கட்டியிருந்தன. புரதமெல்லாம் அந்த இலையில்தான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆடுகள் வைக்கோலைத் தாண்டி வந்து, அந்தச் சருகைப் பொறுக்கத் தொடங்கின.

(பேச்சு தொடரும்)