கதவை அடைத்த வணிகர்கள்

மன்னர் இல்லாமல் வணிகர்களே ஆளும் நாடு, கற்பனைப் புதினங்களில் அடிக்கடி இடம்பெறும் ஒன்று. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் புதின வரிசையில் வரும் பிராவோஸ் நகரம் அவற்றுள் புகழ்பெற்றது. அடிமைத் தளையிலிருந்து தப்பியவர்கள் காயல் தீவுகளில் நிறுவிய அந்நகரில் பரம்பரை அரசர் இல்லை; கடற்படையும் 'இரும்பு வங்கி'யுமே அதன் வலிமை. கடனைத் திருப்பித் தராத மன்னனின் பகைவனுக்கு அவ்வங்கி பணம் கொடுக்கும். வாளைவிடக் கணக்கேடு வலியது என்னும் இச்சித்திரம் வாசகரைக் கவர்வதில் வியப்பில்லை. ஆனால், வணிகர் ஆட்சி எதனால் தழைக்கிறது, எதனால் தளர்கிறது என்பதை அறிய, பிராவோஸ் நினைவூட்டும் உண்மையான நகரமான வெனிஸின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

இத்தாலியின் வடகிழக்கே, காயலின் நடுவே அமைந்த வெனிஸுக்கு விளைநிலம் கிடையாது. உப்பும் மீனுமே அதன் தொடக்ககாலச் செல்வம். அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் கப்பல் விட்டு, மலபார் மிளகை ஐரோப்பாவுக்கு விற்கும் நகரமாக அது வளர்ந்தது. 1284இல் அது வெளியிட்ட, சுமார் 3.5 கிராம் எடையுள்ள 'டுகாட்' பொற்காசு, பல நூற்றாண்டுகள் பல நாடுகளில் மதிக்கப்பட்டது.

இவ்வளர்ச்சியின் அடியில் இருந்தது 'கொல்லெகான்சா' என்னும் கூட்டு ஒப்பந்தம். பணம் உள்ளவர் ஊரிலேயே இருந்து முதல் போடுவார். பணமில்லாத இளைஞர் சரக்குடன் கப்பலேறுவார். முதல் முழுவதும் ஒருவருடையதானால், ஆதாயத்தில் முக்கால் பங்கு அவருக்கு. கால் பங்கு பயணம் செய்தவருக்கு. புயலிலோ கடற்கொள்ளையிலோ சரக்கு போனால், அந்த இழப்பு முதலீட்டாளருடையது. துணிவை மட்டுமே முதலாகக் கொண்ட ஒருவர், சில பயணங்களிலேயே தாமும் முதலீட்டாளராக உயர முடிந்தது.

செல்வம் கைமாறியபோது அதிகாரமும் ஓரளவு கைமாறியது. 'டோஜ்' என்னும் ஆட்சித் தலைவர் வாழ்நாள் முழுதும் பதவி வகித்தாலும், அயல்நாட்டு மடலைக்கூட ஆலோசகர்கள் இன்றித் தனியே பிரிக்க இயலாதபடி அவர் கைகள் கட்டப்பட்டன. 1268 முதல், சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி நடந்த பல சுற்றுகளின் முடிவில், 41 பேர் கொண்ட குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டுதோறும் தேர்வு செய்யப்பட்ட பெருமன்றத்தில், பழைய குடும்பங்களுடன் புதிதாகப் பொருளீட்டியவர்களும் அமர்ந்தனர்.

புதியவர்களின் வரவு, முன்பே உயர்ந்தவர்களுக்கு உறுத்தியது. 1297இல் பெருமன்றத்தின் கதவு சாத்தப்பட்டது. அண்மைக்காலத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கே முன்னுரிமை என்று தொடங்கிய விதி, அடுத்த சில பத்தாண்டுகளில் பரம்பரை உரிமையாக இறுகியது. மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை இதனால் குறையவில்லை, உண்மையில் கூடியது. குறைந்தது, வெளியிலிருந்து ஒருவர் நுழையும் வாய்ப்பு மட்டுமே.

அரசியலைத் தொடர்ந்து வணிகமும் சுருங்கியது. ஆதாயம் மிக்க வழித்தடங்களில் செல்லும் அரசுக் கப்பல்களை ஏலம் எடுக்கும் உரிமை, உயர்குடியினரிடமே தங்கியது. சாமானியருக்கு ஏணியாக இருந்த கொல்லெகான்சா மெல்ல வழக்கொழிந்தது. 1506 முதல், உயர்குடிக் குழந்தைகளின் பிறப்பு தனிப் பதிவேட்டில் குறிக்கப்பட்டது. ஒருகாலத்தில் கடற்பயணம் தந்த தகுதியை அதன்பின் பிறப்பு தந்தது. 17ஆம் நூற்றாண்டில், கிரீட் தீவுக்காக நடந்த போரில் கருவூலம் வறண்டபோது கதவு மீண்டும் திறந்தது. நுழைவுக்கு விலை ஒரு லட்சம் டுகாட்.

கதவை அடைத்த மறுநாளே வெனிஸ் வீழ்ந்துவிடவில்லை. 15ஆம் நூற்றாண்டிலும் அது செல்வத்தில் கொழித்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்து புதிய கடல்வழி திறந்ததும், ஒட்டோமான் பேரரசின் எழுச்சியும் அதன் தளர்ச்சிக்குக் காரணங்கள்தாம். ஆயினும், காலம் மாறும்போது புதிய வழி தேடுபவர்கள் பெரும்பாலும் இழப்பதற்கு ஏதுமற்ற புதியவர்களே. அவர்களுக்கு இடமில்லாத நகரில், உயர்குடியினர் பலர் கடலைவிட்டு நிலத்திலும் மாளிகையிலும் பணத்தை முடக்கினர். 1797இல் நெப்போலியனின் படை நெருங்கியபோது, பெருமன்றம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. கதவு அடைபட்டுச் சரியாக 500 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வணிகர் ஆள்வதாலேயே ஒரு நாடு சுதந்திரமானதாகிவிடாது. போட்டியில் வென்று மேலே வந்தவர்களே, அடுத்த தலைமுறையில் போட்டியை அஞ்சுகிறார்கள். சட்டத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். பிராவோஸ் போன்ற கற்பனை நகரங்களைப் பற்றிப் படிக்கும்போது, அங்குள்ள கருவூலத்தின் அளவைவிட முக்கியமாக நாம் கேட்க வேண்டியது, கையில் காசில்லாத ஓர் இளைஞர் அங்கே இன்னும் கப்பலேற முடிகிறதா என்பதே. நாம் வாழும் நாடுகளைப் பற்றியும் அதையே கேட்கலாம்.