வாசலுக்கு வந்த பழைய கார்

"நம்ம வாசல்ல ஒரு கார் நின்னா எப்படி இருக்கும்?" என்று என் கணவர் கேட்டபோது நான் இட்லிக்கு ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் லேத் பிடித்தவர். 2018 கடைசியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் கொஞ்சம் பணம், நாள் முழுக்க நேரம். பெண்ணுக்கோ அது காலேஜ் சேரும் வருஷம்.

"விளையாட்டுக்குச் சொல்லலடி. மலிவா ஒரு பழைய வண்டி வாங்கி, சரி பண்ணி வித்தா இருபதாயிரம் நிக்கும். பாதி வேலையை நானே செஞ்சுக்குவேன்" என்றார்.

2019 மார்ச்சில் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளை மாருதி 800. 2008-ஆம் வருஷத்து வண்டி. விலை 45,000 ரூபாய். "டாக்டர் வண்டி சார், ஒரே கைதான்" என்று புரோக்கர் சொன்னாராம். மாருதி 800 என்றால் நம் எல்லோருக்கும் ஒரு பாசம் உண்டே! 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மூன்று சிலிண்டர் கொண்ட அந்தச் சின்ன எஞ்சினை அறியாத மெக்கானிக் கிடையாது. புதுப்பேட்டையில் போய் நின்றால் கதவிலிருந்து கண்ணாடி வரை எல்லாம் கிடைக்கும். முதல்முதலாகக் கார் வாங்குகிறவர்கள் பலரும் அப்போது இதைத் தேடினார்கள்.

எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய சென்ட் வாசனை. மூன்று சென்ட் பாட்டில்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். இத்தனை வாசனை எதற்கு?

அவற்றைக் கழற்றிப் போட்ட மறுநாளே விஷயம் வெளியே வந்துவிட்டது. பூஞ்சை நாற்றம். ஆசையாய் முன் சீட்டில் உட்கார்ந்த அத்தைக்கு ஐந்து நிமிஷத்தில் இருமல் வந்துவிட்டது. ஏற்கெனவே இழுப்பு உள்ளவர். "இதுல மனுஷங்க உட்காருவாங்களா?" என்று இறங்கிவிட்டார்.

நான் ரப்பர் மிதியடியை எடுத்து, தரை விரிப்பைத் தூக்கினேன். அடியில் இருந்த மெத்தைத் துணி ஈரம். அதற்கும் கீழே, சலித்த மாவு போல நைசான வண்டல்! தெருமண் இப்படி இருக்காதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"அக்கா, அந்த சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க."

இழுத்தேன். நாம் வழக்கமாக இழுக்கும் தூரம் வரை சுத்தம். அதற்கு மேல் பழுப்பாய் ஒரு கோடு.

"2015 வெள்ளத்துல முங்கின வண்டிக்கா."

என் கணவர் பேசவே இல்லை. அந்த டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் முழுகின. அவற்றில் ஒன்று கழுவித் துடைத்து, சென்ட் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

பழைய வண்டி பார்க்கப் போகும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நீங்கள் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியில் கையை விட்டுப் பாருங்கள். மேலே பளபளப்பாகக் கழுவுகிறவர்கள் அங்கெல்லாம் கை வைப்பதில்லை.

சுத்தம் செய்யும் வேலையை நானும் பெண்ணும் எடுத்துக்கொண்டோம். சீட்டுகளைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றியாயிற்று. பங்குனி வெயில் இலவசம்தானே! மெத்தைத் துணி தேறாது, தூக்கி எறிந்தோம். சீட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அடித்துத் தேய்த்து நாலு நாள் காயவைத்தோம். பூஞ்சையை உலர்ந்தபடியே தட்டக்கூடாது. தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், மூக்கை மூடிக்கொள்ள வேண்டும், இழுப்பு உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. பெல்ட்டுக்கு வெறும் சோப்புத் தண்ணீர் போதும். வெளுக்கிற பவுடர் போட்டால் இழை பலமிழந்துவிடும். நாற்றம் முழுக்கப் போக, ஒரு கூடை அடுப்புக்கரியை ஒரு வாரம் உள்ளேயே வைத்தேன்.

பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடிக்கு ஆப்ப சோடா கரைத்த வெந்நீர். ஆனால் கையுறை போட்டு, முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். இத்தனை செய்தும் அந்தப் பேட்டரி தேறவில்லை, புதிது வாங்கினோம். அது வேறு கதை.

இன்னொன்று. மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு வேலை பார்க்கவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றும்போது எழுந்து வெளியே போகத் தெம்பிருக்காது. பிரேக் டிரம்மில் படிந்த தூசியையும் வாயால் ஊதக்கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். என் கணவர் 'ஃபூ' என்று ஊதப் போனவரை மெக்கானிக்தான் தடுத்து, ஈரத் துணியைக் கையில் கொடுத்தார்.

வயர் இணைப்புகளில் களிம்பு ஏறியிருந்தது, ஒவ்வொன்றாய்ச் சுரண்டினார். பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது, மாற்றினார். இரண்டு டயர் புதிது. எல்லாம் கணக்கில் இருந்ததுதான்.

கணக்கில் இல்லாதது தரையில் இருந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே வண்டலைச் சுரண்டினால் துரு, துருவைச் சுரண்டினால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கீழே எங்கள் வீட்டு சிமென்ட் தரை தெரிகிறது!

டிங்கர் வேலை செய்கிறவர் வந்து பார்த்தார். "துருவை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெல்டிங் வைக்கணும்னா ஆறாயிரம் ஆகும். இல்லேன்னா ஃபைபர் துணி ஒட்டி, அடியில கறுப்பு அடிச்சுடறேன். எண்ணூறு ரூபாய். மேல விரிப்பு வந்துட்டா எவனுக்கும் தெரியாது சார்."

அன்று ராத்திரி கணக்கு நோட்டு திறந்தபடியே கிடந்தது.

"எண்ணூறுதான் நமக்கு முடியும்" என்றார்.

"நாம ஏமாந்தோம்னு இன்னொருத்தரையும் ஏமாத்தறதா?"

"நியாயம் பேச இப்ப நமக்கு வசதி இல்லடி. ஃபீஸ் கட்டணும்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதானே? சற்றுப் பொறுத்து, மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். சீட்டு நிற்பது அந்தத் தகட்டின்மேல்தான். அந்தப் பக்கமெல்லாம் இரும்பு இற்றுப்போயிருந்தால், எங்காவது மோதும்போது சீட்டே பெயர்ந்து வரும், பெல்ட் போட்டிருந்தும் பிரயோஜனம் இல்லை.

"இரும்பைப் பத்தி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்" என்று விளக்கை அணைத்துவிட்டார். காலையில் எழுந்து வந்தால், சீட் இருந்த இடத்தில் உட்கார்ந்து உளியும் கம்பி பிரஷ்ஷுமாய்த் துருவைக் கொத்திக்கொண்டிருக்கிறார். வெல்டர் பதினோரு மணிக்கு வந்தார். என் பெண் வீடியோ எடுத்து வைத்தாள்.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட 29, 30-ஆம் எண் படிவங்களைத் தேதி போடாமல் கொடுத்து, "உங்க பேருக்கு மாத்தாதீங்க, அப்படியே அடுத்தவருக்குக் குடுத்துடுங்க" என்று புரோக்கர் யோசனை சொல்லியிருந்தார். பலரும் செய்வதுதான். ஆனால் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே. வண்டியை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர்கள், ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று விசாரிப்பதே இல்லை. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். நாங்கள் எங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். 'இரண்டாவது கை' ஆனதால் விலை கொஞ்சம் குறையும் என்றார்கள். குறைந்தது.

கீறல்களுக்குப் பட்டி பார்த்து, டச்சப் பெயிண்ட் அடித்து, சீட் கவர் மாட்டி, இன்ஷூரன்ஸும் கட்டி முடித்தபோது செலவு 29,600. வண்டி எங்களுக்கு 74,600-இல் வந்து நின்றது.

முதலில் பார்க்க வந்தவருக்கு வண்டி ரொம்பப் பிடித்திருந்தது. "வெள்ளத்துல முங்கின வண்டிங்க, தரையில தகடு மாத்தியிருக்கோம்" என்று இவர் சொன்னதும், போன் வந்தது போலப் பேசிக்கொண்டே போய்விட்டார். "வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டிருக்கலாம்" என்று இவரே சொல்லிக்கொண்டார். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் தையல் கடை வைத்திருப்பவர், ஆறாம் மாசம். என் பெண் வீடியோவைக் காட்டினாள். அவர் சிரமப்பட்டுக் குனிந்து, விரிப்பைத் தூக்கி, புதுத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனாலும் விடாமல் பேரம் பேசினார், கெட்டிக்காரி! தொண்ணூறு சொன்னோம், எண்பத்திரண்டில் முடிந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாங்களும் கூடவே போய் வந்தோம்.

இருபதாயிரம் எதிர்பார்த்த இடத்தில் நின்றது 7,400 ரூபாய். ஃபீஸின் மீதிக்கு என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

மே மாசக் கடைசியில் இவர் மறுபடி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். சாம்பல் நிறம். "இன்னும் பணம் குடுக்கல. நீ பார்த்துட்டுச் சொல்லு" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் உள்ளே போய் அவருக்குக் காப்பி கலந்தேன்.