பசியும் பயமும்

பசி என்றதும் நமக்கு வயிறுதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒட்டிப்போன வயிறு, எலும்பு தெரியும் நெஞ்சு, தொலைக்காட்சியில் எப்போதோ பார்த்த ஆபிரிக்கக் குழந்தை. நம் ஊரில் அப்படி யாரும் இல்லையே என்று நிம்மதி அடைந்து மறுவேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அல்குர்ஆனைப் பொருள் விளங்கி ஓதும் சகோதரிகள் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். சூரத்துல் குறைஷில் அல்லாஹு தஆலா மக்கத்து மக்களுக்குத் தான் செய்த அருளை நினைவூட்டும்போது பசியையும் பயத்தையும் அடுத்தடுத்து வைக்கிறான். சூரத்துல் பகராவின் 155ஆம் வசனத்தில் சோதனைகளை வரிசைப்படுத்தும்போதும் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. சூரத்துன் நஹ்லின் 112ஆம் வசனத்தில் நன்றி மறந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்லும்போது, பசியும் பயமும் ஓர் ஆடையைப் போல அம்மக்களைச் சூழ்ந்ததாகக் கூறப்படுகிறது. பசி வயிற்றோடு நிற்பதில்லை, அது மனத்தையும் பிடிக்கிறது என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஓதிக்கொண்டே இருக்கிறோம், யோசிப்பதில்லை.

இன்றைய ஆய்வாளர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலக நாடுகளில் உணவுப் பாதுகாப்பின்மையை அளப்பதற்கு எட்டுக் கேள்விகளைப் பயன்படுத்துகிறது. முதலாவது கேள்வி என்ன தெரியுமா? சாப்பாடு போதாமற் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதுதான். அதற்குப் பிறகுதான் சத்தான உணவு கிடைக்கவில்லையா, ஒரே வகை உணவையே சாப்பிட்டீர்களா, ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா, அளவைக் குறைத்தீர்களா என்று படிப்படியாகப் போகிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்ற கேள்வி கடைசியில் வருகிறது. நாமோ கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்பவரை மட்டும்தான் பசித்தவர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க முடியாது. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் விழுந்திருந்தது. டொலர் இல்லாமல் நாடு கடன் கட்ட முடியாத நிலைக்கு வந்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரே வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாய்க்கு வாங்கியது ஏறக்குறைய இருநூறு. சம்பளம் அப்படி ஏறவில்லை. 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் அந்த ஆண்டில் கணித்தன. கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் 1973 முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா கூட அந்நாட்களில் சீராகக் கிடைக்கவில்லை. வரிசைகள் இப்போது இல்லை. பணவீக்கமும் இறங்கிவிட்டது. ஆனால் பணவீக்கம் இறங்குவது என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமல்ல. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். அன்று அடகு வைத்த நகையை இன்னும் மீட்காத வீடுகளும், பெண்கள் பெயரில் எடுத்த நுண்கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் நம் மஹல்லாக்களிலேயே இருக்கின்றன.

சட்டியின் அடியில் இருப்பது யாருக்கு?

வீட்டில் உணவு குறையும்போது முதலில் குறைத்துக்கொள்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. "நீங்க தின்னுங்க மகன், உம்மாவுக்குப் பசியில்ல" என்ற வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. வாப்பாவுக்கு மீன் துண்டு, பிள்ளைக்கு முட்டை, உம்மாவுக்குச் சட்டியின் அடியில் மிஞ்சிய ஆணமும் சோறும். அதுவும் இல்லாத இரவில் சீனி கூடுதலாகப் போட்ட ஒரு பிளேன்டீ. இதைத் தாய்மையின் தியாகம் என்று மேடைகளில் புகழ்கிறோம். புகழ்வதில் எனக்கு உடன்பாடு குறைவு. அந்தத் தாயின் இரத்தம் கெட்டுப்போவதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசியதை நான் கேட்கவில்லை.

மாதவிடாய், கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றால் பெண்ணின் உடலுக்கு இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிறது. அது கிடைக்காதபோது இரத்தசோகை வருகிறது. படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், முடி கொட்டும், எந்த வேலையிலும் மனம் ஒட்டாது. சில பெண்கள் பச்சையரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள். வீட்டில் கேலி செய்வார்கள். அது பெரும்பாலும் கெட்ட பழக்கமல்ல, இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். இன்னொன்று: சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், உணவில் இருக்கும் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தடை குறையும். கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொள்வது அதே இரும்பை உடலில் சேர உதவும். இதற்குக் காசு செலவில்லை.

உணவு போதாத வீட்டில் உடல் பருத்தவர் இருப்பதைக் கண்டு சிலர் சந்தேகப்படுகிறார்கள். "நல்லாத்தானே இருக்கிறா, இவவுக்கு ஏன் ஸகாத்?" என்று கேட்டவர்கள் உண்டு. கையில் காசு குறையும்போது முதலில் வெட்டுப்படுவது மீன், முட்டை, பருப்பு, மரக்கறி, பழம். மிஞ்சுவது வெள்ளைச் சோறு, பாண், சீனி. இவை வயிற்றை நிரப்பும், உடலைப் பருக்கவும் வைக்கும், சத்தைத் தராது. பருத்த உடலுக்குள்ளே இரத்தசோகையும் நீரிழிவும் ஒன்றாகக் குடியிருக்கலாம்.

நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. மருந்துக்கான காசில் அரிசி வாங்கிவிட்டு மருந்தை நிறுத்துபவர்கள் ஒரு பக்கம். சாப்பிட ஒன்றும் இல்லாமலே இன்சுலினை ஏற்றிக்கொள்பவர்கள் மறுபக்கம். இது உடனடி ஆபத்து. திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று எண்ணி, நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்பப்பையில் இருக்கும் பிள்ளை வரை இந்தப் பசி போய்ச் சேர்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜேர்மன் படை தடுத்தது. பங்கீடு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போயிற்று. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்த மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து கவனித்தார்கள். நடுவயதில் அவர்களிடம் நீரிழிவின் சாயலும் இருதய நோயும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. கருவுற்ற ஆரம்ப காலத்தில் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் கடுமையான மனநோயும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. உம்மா பட்டினி கிடந்தது சில மாதம். பிள்ளை அதை ஆயுள் முழுக்கச் சுமந்தது.

மனம் என்ன ஆகிறது?

அதே 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். உடலும் மனமும் ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். இருபத்துநான்கு வாரங்கள் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடுதான். உடல் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்களுடைய மனத்தில் நடந்தது. நல்ல குணமுள்ள வாலிபர்கள் எரிந்து விழுந்தார்கள். நண்பர்களோடு பேச விரும்பவில்லை. சிரிப்பு போயிற்று. கனவிலும் நனவிலும் உணவைத் தவிர வேறு நினைவில்லை. சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் வாசித்தார்கள். ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களையே வெட்டிக்கொண்டார். பரிசோதனை இந்தத் திகதியில் முடியும், பிறகு வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்திருந்தவர்களுக்கே இந்த நிலை. திகதி தெரியாத ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவளுக்குத் தன் பசியோடு பிள்ளையின் பசியும் இருக்கிறது. கடைக்காரரின் கொப்பிக் கணக்கும் இருக்கிறது.

பிள்ளைக்குச் சும்மா அடிக்கிறாள், எதற்கெடுத்தாலும் அழுகிறாள், கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை, தூக்கமில்லை. இத்தகைய ஒருத்தியைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறோம்? ஜின் பிடித்திருக்கிறது என்கிறோம், அல்லது ஈமான் பலவீனம் என்கிறோம். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. சட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். நம் நபி (ஸல்) அவர்கள் கவலையை விட்டும் கடன் சுமையை விட்டும் ஒரே துஆவில் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். பசியை விட்டும் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். நபிமார் பாதுகாப்புத் தேடிய ஒன்றை ஓர் ஏழைப் பெண்ணின் குறையாக நாம் எப்படி எண்ண முடியும்?

வகுப்பறையிலும் இதைக் காண்கிறேன். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாதது, முதல் பாடவேளையிலேயே மேசையில் தலைவைக்கும் பிள்ளை, இடைவேளையில் நூலகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும் பிள்ளை, அடுத்தவரின் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது வேறு பக்கம் பார்க்கும் பிள்ளை. இவர்களுக்குச் 'சோம்பேறி' என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

நோன்பும் பட்டினியும் ஒன்றா?

"நாம் நோன்பு பிடிப்பதில்லையா, பசியைப் பொறுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நோன்பாளி தன் இறைவனுக்காகத் தானே விரும்பிப் பசித்திருக்கிறார். மஃரிபின் நேரம் அவருக்குத் தெரியும். கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் காத்திருக்கின்றன. இல்லாமையால் பட்டினி கிடப்பவருக்கு அதான் சொல்லப்படுவதே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி ஸபர் செய்யுங்கள் என்று உபதேசிப்பது அநியாயம். ஸபர் பசித்தவர் செய்வது. வயிறு நிறைந்தவருக்கு விதிக்கப்பட்டது கொடுப்பது.

ஹிஜ்ரி 18இல் மதீனாவில் கடும் பஞ்சம் வந்தது. அந்த ஆண்டுக்கு 'ஆமுர் ரமாதா' என்று பெயர். கலீபா உமர் (ரழி) அவர்கள் மக்களுக்குக் கிடைக்கும் வரை தாம் நெய்யையும் இறைச்சியையும் தொடவில்லை. திருட்டுக்குரிய தண்டனையையும் அந்த ஆண்டு நிறுத்திவைத்தார்கள். வயிறு காய்ந்தவனின் செயலை வயிறு நிறைந்தவனின் செயலைப் போல் எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்களுடைய பணியாளர் அஸ்லம் அறிவிக்கும் நிகழ்ச்சியையும் கேட்டிருப்பீர்கள். அழும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த ஒரு பெண் வெறும் தண்ணீரை அடுப்பில் கொதிக்கவைத்திருந்தாள். கலீபா மாவுப் பையைத் தம் முதுகிலேயே சுமந்துவந்து, அடுப்பு ஊதி, தாமே சமைத்துக் கொடுத்தார்கள். இந்த இடத்தோடு நாம் கதையை முடித்துவிடுவோம். ஆனால் அவர்கள் அத்துடன் போகவில்லை. பிள்ளைகள் விளையாடிச் சிரித்து உறங்கும் வரை தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பெண்ணிடம் தாம் யார் என்று சொல்லவுமில்லை.

நம் உலர் உணவுப் பொதிகளோ ரமழானில் மட்டும் வருகின்றன. வரும்போது ஒரு பதாகையும் கமராவும் கூடவே வருகின்றன. ஐந்து கிலோ அரிசிக்காக ஒரு பெண் ஊரறிய நின்று படமெடுக்கப்படுகிறாள். கேட்டு நிற்கக் கூசுவதால், அறியாதவர்கள் வசதியானவர் என்று நினைக்கும் ஏழைகளைப் பற்றி சூரத்துல் பகராவின் 273ஆம் வசனம் பேசுகிறது. அவர்கள் அந்த வரிசைக்கு வரவே மாட்டார்கள். அவர்களைப் பெண்கள்தான் கண்டுபிடிக்க முடியும். எந்த வீட்டில் அடுப்புப் புகை பிந்துகிறது, யார் பிள்ளையை மத்ரஸாவுக்கு அனுப்பவில்லை, யார் கடைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொண்டாள் என்பது பள்ளிவாசல் நிர்வாக சபைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை பைத்துல்மால் பொறுப்பாளரிடம் இரகசியமாகச் சேர்ப்பியுங்கள். மாதந்தோறும் ஒரு தொகை, அதில் பருப்பும் முட்டையும் நெத்தலியும் வாங்கும் அளவுக்கு, கடைக்காரர் மூலமாகவே போய்ச் சேர வழி செய்யலாம்.

நீங்களே அந்த நிலையில் இருந்தால், உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் மறைக்காதீர்கள். கிளினிக்கில் எடையையும் இரத்தத்தையும் பார்ப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை இலவசம். எடை குறைந்தால் திரிபோஷாவுக்குப் பதிவார்கள். மனம் தாங்காமல் உயிரின் மீதே வெறுப்பு வரும் இரவுகளில் 1926 என்ற இலக்கத்துக்குக் கதைக்கலாம். அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் சேவை அது, தமிழிலும் பேசலாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்ற பயம் இருந்தால் ரமழான் நோன்பை விட மார்க்கம் அனுமதிக்கிறது. இரத்தசோகை இருப்பதாக வைத்தியர் எச்சரித்திருந்தும் பிடிவாதமாக நோன்பு நோற்பதில் நன்மை தேடாதீர்கள். நம் ஷாபிஈ மத்ஹபின்படி, தன் உடல்நிலைக்காக விட்டவர் பின்னர் கழாச் செய்தால் போதும். பிள்ளைக்காக மட்டும் விட்டவர் கழாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி பித்யாவாகக் கொடுக்க வேண்டும். ஒரு முத்து என்பது ஏறத்தாழ 600 கிராம். அந்த அரிசியை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.