கச்சேரிக் கணக்கு

முள்ளிவாய்க்காலிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குப் போன ஒரு பிள்ளை முதலாம் வருடத்தை முடித்துவிட்டாள். புவியியலில் சிறப்புக்கலை செய்வாள் என்றுதான் வீட்டில் பேச்சு. இப்போது அரசியல் விஞ்ஞானத்துக்கு மாறி, பொது நிர்வாகம் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள்.

எங்கள் நாட்டில் பாடம் மாறுவது லேசான காரியமில்லை. உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதிலேயே பாதி முடிந்துவிடும், மீதியை இசட் புள்ளி பார்த்துக்கொள்ளும். பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீத ஒதுக்கீடு உண்டு, முல்லைத்தீவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கலைப்பிரிவுக்கு அகில இலங்கைத் தரவரிசைதான். உள்ளே போனபிறகு மிஞ்சுவது ஒரு சின்னக் கதவு: முதல் வருடம் படித்த பாடங்களில் எதைச் சிறப்புக்கலையாக எடுப்பது என்பது மட்டும்.

தாய்க்குப் பயம். வன்னியில் 'அரசியல்' என்ற சொல்லுக்கு உள்ள பாரம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அவளை மாற்றியது ஒரு கழித்தல் கணக்கு. 2011 ஜனவரி 8 அன்று மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது. இறுதிப் போர் நடந்த வன்னியில் 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 282,380 பேர். கழித்தால் 146,679 பேருக்குக் கணக்கில்லை. இந்தக் கடைசி எண்ணை ஒவ்வொரு மே 18 நினைவேந்தலிலும் கஞ்சிச் சிரட்டையோடு நின்று கேட்டு வளர்ந்தவள் அவள். முதல் எண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து வந்தது.

புலிகளின் காலத்தில் அந்தக் கச்சேரியே ஒரு விசித்திரம். உத்தியோகத்தரின் சம்பளம் கொழும்பிலிருந்து வரும். வீதியில் நிற்பது புலிகளின் பொலிஸ், வழக்குப் பேசுவது அவர்களின் நீதிமன்றம். மாக்ஸ் வெபர் எழுதிய அதிகாரிக்கு மேலே ஒரே ஏணி. கிராம சேவகர்களான எங்கள் ஜீ.எஸ்மாருக்கு அப்போது இரண்டு ஏணி, இரண்டிலும் ஒவ்வொரு கால். நிர்வாகம் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்?

2009 பெப்ரவரிக்கு வருவோம். போரில் ஒடுங்கிக்கொண்டே போன முல்லைத்தீவுக் கரையில் சுமார் 330,000 பேர் இருப்பதாக அங்கிருந்த அரச அதிகாரி அறிக்கை அனுப்பினார். அரசாங்கம் 70,000 என்றது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்களும் இருக்கின்றன. கடைசியில் முகாம்களுக்கு வந்த சனத்தைப் பார்த்தாலே எது உண்மைக்குக் கிட்ட என்று தெரியும். நிவாரணக் கப்பலில் எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் தலைக்கணக்கில் தொங்கும் விஷயங்கள். தறப்பாளுக்குக் கீழே இருந்து எழுதிய ஒரு கடிதத்தை மேலே இருப்பவர் நம்பவில்லையென்றால் கீழே பானை கொதிக்காது. இதைத்தான் படிக்கவேண்டும் என்கிறாள் இவள்.

தாயிடமும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. ஆரோ விசாரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"நிர்வாக சேவைச் சோதினைக்கு எந்தப் பட்டமும் காணுமாமே. பிறகேன் பிள்ளை மாறுறாய்?"

உண்மைதான். புவியியலோடும் எழுதலாம், சங்கீதத்தோடும் எழுதலாம். வேலைக்காகத்தான் மாறுகிறாள் என்றால் நானும் தாயின் பக்கமே நின்றிருப்பேன்.

"சோதினைக்கில்லை அம்மா. ஒரு எண்ணை ஆர் எழுதினா எடுபடும், ஆர் எழுதினா எடுபடாதெண்டு எனக்குத் தெரியோணும்."

தாய் பதில் சொல்லவில்லை. அடுத்தநாள் உதவித்தொகை அலுவலுக்கு வதிவிடச் சான்றிதழ் எடுத்துவரச் சொல்லி ஜீ.எஸ். ஒபீசுக்கு அனுப்பினார். மத்தியானம் தாண்டியும் ஆளைக் காணவில்லை. தேடிப்போனால், வாங்கில் இருந்துகொண்டு, குடும்ப விபரம் எழுதுகிற கொப்பியில் எந்த நிரலில் என்ன பதிவது என்று ஜீ.எஸ்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். சான்றிதழை மறந்துவிட்டாள்.

(தொடரும்)