தொடாத துணை

நீச்சல் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது தனி ஒருவரின் உருவமே. ஓட்டப் பந்தயத்திலே பக்கத்தில் ஓடுபவர் உண்டு. பந்தாட்டத்திலே கூட ஆடுவோர் பதின்மர் உண்டு. ஆழ்நீரில் இறங்கியவருக்கோ தம் கைகால்களைத் தவிர வேறு துணையில்லை என்றே எண்ணுகிறோம். நெடுந்தூர நீச்சலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இவ்வெண்ணம் பாதி உண்மையே என்று எனக்குப் படுகிறது. பேரேரிகளையும் நீரிணைகளையும் கடந்தவர்களின் அருகே பெரும்பாலும் ஒரு படகு சென்றிருக்கிறது. அதில் ஒருவர் கண்துஞ்சாது அமர்ந்திருந்திருக்கிறார். கரையேறியவரின் பெயர் ஏடுகளில் நிலைக்கிறது. படகில் இருந்தவரின் பெயர் மெல்ல மறைகிறது. அந்த மனிதரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். கற்பிக்கும் தொழிலில் உள்ளோர் அவரிடத்திலே தம் சாயலைக் காணவுங்கூடும்.

1954ஆம் ஆண்டு நம்மவருக்கும் நினைவில் நிற்க வேண்டிய ஆண்டு. யாழ்ப்பாணத்து மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தது அவ்வாண்டிலேதான். அதே ஆண்டு செப்டம்பர் 8ஆந் திகதி இரவு, உலகின் மறுபுறத்தில், ஒன்ராறியோ ஏரியின் தென்கரையிலுள்ள யங்ஸ்ரவுன் என்னும் அமெரிக்க ஊரிலிருந்து மூன்று பெண்கள் அடுத்தடுத்து நீரில் இறங்கினர். எதிர்க்கரையில் இருந்தது கனடாவின் ரொறன்ரோ நகரம்.

மூவருள் முதல்வர் அமெரிக்கரான புளோரன்ஸ் சாட்விக். ஆங்கிலக் கால்வாயை இரு திசைகளிலும் கடந்த முதற் பெண்மணி அவர். ஏரியைக் கடந்தால் 10,000 டொலர் தருவதாகக் கனடிய தேசியக் கண்காட்சியினர் அவருக்கே வாக்களித்திருந்தனர். அழைப்பும் பரிசும் இன்றித் தாமாகவே முன்வந்த கனடியப் பெண்கள் இருவர். ஒருவர், 1951இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த வினி றோச் லொய்ஸ்லர். மற்றவர், பதினாறே வயதான பள்ளி மாணவி மரிலின் பெல்.

ஏரி என்றவுடன் நம் நாட்டுக் குளங்களை நினைத்துவிடலாகாது. ஒன்ராறியோ ஏரியின் நீளம் 311 கிலோமீற்றர். அகலம் 85 கிலோமீற்றர். ஆழம் சில இடங்களில் 244 மீற்றர். பார்வைக்கும் குணத்திற்கும் அது ஒரு கடலே. ஆயினும் கடல் செய்யும் ஓர் உதவியை அது செய்வதில்லை. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானதாதலால் உடலைச் சற்று உயர்த்திப் பிடிக்கும். ஏரிநீர் அவ்வாறு தாங்குவதில்லை. மேலும், காற்று மேற்பரப்பின் இளஞ்சூட்டு நீரைத் தள்ளிச் செல்ல, அடியிலுள்ள குளிர்நீர் அதன் இடத்திற்கு எழுந்துவரும். மாலையில் இதமாயிருந்த நீர் மறுநாள் உடலை உறைய வைக்கும் நீராகிவிடலாம்.

அன்றிரவு காற்று எழுந்தது, அலைகள் உயர்ந்தன. விலாங்கு போன்ற லாம்பிரே என்னும் ஒட்டுண்ணி மீன்கள் நீந்துவோரின் உடலைப் பற்றின. சாட்விக் உடல் நலங்குன்றிப் படகேறினார். லொய்ஸ்லரும் விலக நேர்ந்தது. முடிவில் நீரில் எஞ்சியவர் அந்தச் சிறுமி ஒருவரே.

மரிலினின் படகில் இருந்தவர் கஸ் றைடர். ரொறன்ரோவில் லேக்ஷோர் நீச்சற் கழகத்தை நிறுவியவர். உடற்குறைபாடுள்ள சிறுவர்க்கு நீந்தக் கற்பித்தவர். அப்பணியில் மரிலினும் அவருக்குத் துணை நின்றவரே. அன்று றைடரிடம் இருந்த கருவிகளை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். நீண்ட கோலின் நுனியிலே ஒரு கடதாசிக் கிண்ணம். அதில் சோளப்பாகு, எலுமிச்சைச் சாறு, குழந்தைகளுக்கு ஊட்டும் தானியக் கூழ். அடுத்தது ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும். அலையோசையில் குரல் எட்டாதபோது அவர் எழுதிக் காட்டினார். சாட்விக் விலகிய செய்தியும் அப்பலகையின் வழியாகவே மரிலினுக்குத் தெரிந்தது.

ஏன் இத்துணை தேவைப்படுகிறது? நீந்துபவரின் கண் நீர்மட்டத்திற்கு ஒரு சாண் உயரத்திற்கு மேல் எழுவதில்லை. அலையே இல்லாத போதும் அவருடைய தொடுவானம் இரண்டு கிலோமீற்றருக்கு உட்பட்டது. படகில் எழுந்து நிற்பவருக்கோ அது ஐந்து கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. திசையறிந்து படகைச் செலுத்த, நம் வடபகுதிக் கடலோடிகள் தண்டையல் என்பாரே, அத்தகைய ஒருவரும் வேண்டும். செய்மதி வழிகாட்டிக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும் நீந்துபவர் படகையே பார்த்து நீந்துகிறார். கரையைக் காண்பவர் நீந்துவதில்லை. நீந்துபவர் கரையைக் காண்பதில்லை.

இனி, இக்கலையின் கடுமையான விதிக்கு வருகிறேன். துணைவர் நீந்துபவரைத் தொடலாகாது. தொட்ட கணமே முயற்சி முடிந்தது. ஆகவே கை நீட்டும் உரிமை அவருக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு; அதுவும் முயற்சியை முடித்துவைப்பதற்கே. அந்தக் கையை எப்பொழுது நீட்டுவது?

நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக உடற்சூட்டை ஈர்த்துவிடும். குளிர் ஏறும்போது கைகால் மட்டும் தளர்வதில்லை, அறிவும் மங்குகிறது. தாம் நலமாயிருப்பதாக நீந்துபவர் கூறும் சொல்லை அப்பொழுது நம்ப இயலாது. அதனால் துணைவர் ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை கை வீசப்படுகிறது என்று எண்ணுகிறார். எளிய கேள்வி கேட்டு விடை தெளிவாக வருகிறதா என்று பார்க்கிறார். பிறருடைய உயிரைப் பற்றிய முடிவை, அவருடைய சொல்லைக் கடந்து, அவர் பொருட்டுத் தாமே எடுக்க வேண்டிய நிலை அது.

மறுநாட் பகலில் மரிலின் சோர்ந்து தடுமாறியபோது, அவரை வெளியே எடுத்துவிடலாமா என்ற எண்ணம் படகுகளில் இருந்தோர்க்கு எழுந்தது. றைடர் கை நீட்டவில்லை. தோழி ஒருத்தி நீரில் குதித்து, தொடாமலே சிறிது தூரம் கூட நீந்தினாள். 9ஆந் திகதி இரவு எட்டு மணிக்குப் பின், ஏறத்தாழ 21 மணி நேரம் நீந்தி, மரிலின் ரொறன்ரோக் கரையைத் தொட்டார். நேர்வழித் தூரமே சுமார் 52 கிலோமீற்றர். அந்த ஏரியை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர். பரிசுப் பணமும் அவருக்கே வழங்கப்பட்டது.

வெற்றியைக் கண்டு துணைவரின் முடிவைப் போற்றுவது எளிது. அச்சிறுமிக்குத் தீங்கு நேர்ந்திருப்பின் அதே மனிதரை உலகம் தூற்றியிருக்கும் அன்றோ? அதே 1954 செப்டம்பரில் துணைப்படகின்றி ஆங்கிலக் கால்வாயில் இறங்கிய எட்வர்ட் மே என்பவர் உயிருடன் திரும்பவில்லை. பாக்கு நீரிணையை வென்ற நம் வல்வெட்டித்துறை ஆனந்தனும் 1984 ஓகஸ்டில் அக்கால்வாயிலேயே உயிர் துறந்தார். நீரின் முன் எவருடைய திறமையும் உறுதிப் பத்திரம் ஆகாது.

வெளியே எடுக்கப்படுவது தோல்வியுமன்று. சாட்விக் 1952இல் கலிபோர்ணியாவின் கற்றலீனாத் தீவிலிருந்து நீந்தி வந்தபோது மூடுபனி கரையை மறைத்தது. கரைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் அவர் படகேறினார். இரு மாதங்களுக்குப் பின் அதே நீரை நீந்தி முடித்தார். மரிலினும் 1956 ஓகஸ்டில் ஜுவான் டி பூக்கா நீரிணையில் முதன்முறை நீரிலிருந்து எடுக்கப்பட்டவரே. அதே மாதத்தில் மீண்டும் இறங்கி அதனைக் கடந்தார். உயிர் எஞ்சியிருந்தால் நீரும் அங்கேயே இருக்கும்.

ஆகவே, றைடரின் பெருமை அவர் கை நீட்டாதிருந்ததில் மட்டும் இல்லை என்பேன். பல ஆண்டுகள் அம்மாணவியின் ஒவ்வொரு கைவீச்சையும் கண்டு பழகியவர் அவர். எது களைப்பு, எது ஆபத்து என்று பிரித்தறியும் கண் அப்பழக்கத்தால் வந்தது. அந்த அறிவில்லாதவர் கை நீட்டாதிருப்பது துணிவாகாது, கொடுமையாகும். இரக்கம் மிகுந்து முன்கூட்டியே தூக்கிவிடுவது ஒரு பிழை. தம் புகழுக்காகப் பிறரை நீரில் வைத்திருப்பது அதனினும் பெரிய பிழை. வகுப்பறையில் நிற்கும் நம்முன்னும் இவ்விரண்டு பிழைகளும் நாள்தோறும் வந்து நிற்கின்றன. நம் மாணவர் கடக்கும் நீரை நாம் நீந்தித் தர முடியாது. அவர் கைவீச்சை எண்ணிக்கொண்டு, கண் துஞ்சாது உடன் செல்லலாம்.