வலி என்ன சொல்கிறது?

குட்டீஸ்... ஊரில் நடக்கும் மினி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? முதல் நாள் உற்சாகமாக ஓடியிருப்பீர்கள். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும் சங்கதி! தொடை வலிக்கும். கெண்டைக்கால் இழுக்கும்.

'வீட்டில் சொன்னால் ஓட விடமாட்டார்கள். பி.டி. சாரிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார். அதனால் மூச்சு விடக் கூடாது' என்றுதான் பலரும் நினைப்பார்கள். இது சரியா? வாருங்கள், உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

வெறுங்கால் வீரர்

அவர் பெயர் அபேபே பிகிலா. எத்தியோப்பியா நாட்டு மன்னரின் மெய்க்காவல் படையில் வீரராக இருந்தவர். 1960ல் இத்தாலியின் ரோம் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அங்கே கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஊரில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் ஆயிற்றே! ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார்.

1964ல் டோக்கியோ ஒலிம்பிக். போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பு தேறியபின் மெல்ல மெல்லப் பயிற்சியைத் தொடங்கினார். இந்த முறை ஷூ போட்டு ஓடி, மறுபடியும் தங்கம்! ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டு முறை தங்கம் வென்ற முதல் வீரர் அவர்தான்.

1968ல் மெக்சிகோ ஒலிம்பிக். காலில் காயத்தோடுதான் ஓட வந்தார். சுமார் 17 கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிட்டார். அவரோடு ஓடிய அதே நாட்டு வீரர் மாமோ வோல்டே அந்தத் தங்கத்தை வென்றார்.

பாதியில் நின்றதற்காக பிகிலாவைக் கோழை என்று சொல்ல முடியுமா? எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் அவர் பெயரில் ஒரு ஸ்டேடியமே இருக்கிறது! எந்த வலியோடு ஓடலாம், எந்த வலி வந்தால் நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் ஓட்டக்காரருக்கு வேண்டிய திறமைதான்.

பயப்பட வேண்டாத வலி

பழக்கமில்லாமல் ஓடும்போது தசை நார்களில் மிக நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். உடம்பு அவற்றைச் சரிசெய்யும். அதோடு தசையை முன்பைவிட வலுவாகவும் ஆக்கும். அந்த வேலை நடக்கும்போது வருவதுதான் மறுநாள் வலி. இது இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாட்களில் குறைந்துவிடும். அதுவரை மெதுவாக நடக்கலாம். வேகமாக ஓட வேண்டாம்.

ஓடும்போது விலாவில் 'சுருக்' என்று பிடிக்கிறதா? வேகத்தைக் குறைத்து, மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். சரியாகிவிடும். சாப்பிட்ட உடனே ஓடினால் இந்தப் பிடிப்பு அதிகம் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது கழித்து ஓடுங்கள்.

காலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். சுத்தமாகக் கழுவி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். போட்டி அன்று புது ஷூ கூடவே கூடாது!

உடனே நிற்க வேண்டிய வலி

'இங்கேதான் வலிக்கிறது' என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? ஒரு காலில் மட்டும் வலிக்கிறதா? ஓட ஓட அதிகமாகிறதா? வீக்கம் இருக்கிறதா? நொண்டி நொண்டி நடக்கிறீர்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அன்றே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். மார்பில் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் எலும்புகளின் முனைகளுக்குப் பக்கத்தில் வளரும் பகுதி இருக்கிறது. அது எலும்பைவிட மென்மையானது. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலும், குதிகாலிலும் தசைநாண்கள் பிடித்து இழுப்பதால், ஓடும் பிள்ளைகளுக்கு அங்கே வலி வருவதுண்டு. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். மறைத்துக்கொண்டு ஓடினால், சில நாள் ஓய்வில் தீர வேண்டியது பல மாதங்களுக்கு இழுத்துக்கொண்டு போகும். பல பெரிய மாரத்தான்களில் முழு தூரம் ஓட 18 வயது நிரம்பியவர்களை மட்டும் அனுமதிப்பதும் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. மாத்திரை வலியை மறைக்கும். காயம் அப்படியே இருக்கும்.

இப்படிப் பழகுங்கள்

* வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடினால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுவது நல்லது.

* முதல் ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு ஓடுங்கள். முடித்ததும் சட்டென்று உட்காராமல் கொஞ்சம் நடங்கள்.

* பக்கத்தில் ஓடும் நண்பனோடு பேச முடிகிற வேகம்தான் பயிற்சிக்குச் சரியான வேகம்.

* இந்த வாரம் 2 கிலோமீட்டர் என்றால் அடுத்த வாரமே 4 கிலோமீட்டர் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

* தார் ரோட்டைவிட மண் தரை காலுக்கு இதம்.

* இரவில் ஒன்பது மணி நேரம் தூங்குங்கள். தசை பழுதுபார்க்கும் வேலை தூக்கத்தில் நன்றாக நடக்கும்.

* ஒரு நோட்டில் தினமும் எவ்வளவு ஓடினீர்கள், எங்கே வலித்தது என்று எழுதுங்கள். ஒரே இடம் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நோட்டை பி.டி. சாரிடம் காட்டுங்கள்.

அவர் 'ஒரு வாரம் ஓடாதே' என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வாரமும் பயிற்சியில் சேர்த்திதான். போட்டி அடுத்த வருஷமும் வரும். அப்போது ஓட உங்கள் கால் நன்றாக இருக்க வேண்டுமே!